உவர் ஏரியில் உப்பு கூடினால் அடிச்சேற்று உயிரினங்கள் குறைய வேண்டாமா?

சேற்றுவாளி:
முதுகலை ஆய்வுக்காக ஏழு உவர் ஏரிகளில் அடிச்சேறு அள்ளி, அதிலுள்ள முதுகெலும்பற்ற உயிரிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். உப்பு லிட்டருக்கு 8 கிராமிலிருந்து 40 கிராம் வரை. உப்பு ஏற ஏற இனங்கள் குறையும் என்றுதான் படித்தேன். ஆனால் 12 கிராம் ஏரியில் 5 இனம், 30 கிராம் ஏரியில் 9 இனம்! எங்கே தப்பு செய்தேன் என்று யாராவது சொல்லுங்கள்.

கரைக்காற்று:
தப்பு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆஸ்திரேலியாவின் மேற்கு விக்டோரியாவில் வில்லியம்ஸ் குழுவினர் 79 ஏரிகளை ஆராய்ந்து 1990இல் வெளியிட்டதைப் படியுங்கள். நன்னீரிலிருந்து கடும் உப்பு வரை மொத்தமாகப் பார்த்தால் இனங்கள் தெளிவாகக் குறைகின்றன, ஆனால் நடுத்தர உப்பை மட்டும் தனியாக எடுத்தால் அந்தத் தொடர்பு காணாமல் போகிறது. அந்த அளவு உப்பைத் தாங்கும் உயிரிகளுக்குத் தாங்கும் வரம்பு அகலமானது, அதனால் அங்கே வேறு காரணங்கள் முன்னுக்கு வந்துவிடும். உங்கள் ஏழும் அந்த நடுப்பகுதியில்தானே இருக்கின்றன?

நுண்நோக்கி:
அந்த 12 கிராம் ஏரியில் எங்கே அள்ளினீர்கள்? சேறு கறுப்பாக, அழுகிய முட்டை வாடையோடு இருந்ததா? உப்பு அதிகமான கனத்த நீர் அடியில் தங்கிவிட்டால் மேல்நீரோடு கலக்காது, ஆக்சிஜன் தீர்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு சேரும், அங்கே ஆக்சிஜன் குறைவைத் தாங்கும் கைரோனமிட் (கொசு போன்ற ஒரு பூச்சி) புழுக்கள்கூடத் திணறும்.

சேற்றுவாளி:
ஆமாம், அதே வாடை! ஏரி நடுவில், ஆழத்தில் அள்ளினேன். 30 கிராம் ஏரியில் படகு கிடைக்காததால் கரையோரம், ரூப்பியா என்ற நீர்ச்செடிகளுக்கு நடுவே.

நுண்நோக்கி:
சரி, அப்போது நீங்கள் ஒப்பிட்டது ஆழத்தையும் கரையையும், உப்பை இல்லை. நீர்ச்செடி இருந்தால் ஒட்டிக்கொள்ள இடமும் உணவும் கிடைக்கும். அமெரிக்காவின் கிரேட் சால்ட் ஏரியில் உப்பு ஈயின் புழுக்கள் திரளாக இருப்பது நுண்ணுயிரிகள் கட்டிய சுண்ணப் பாறைகளின் மேல்தான், வெறும் மணலில் மிகக் குறைவு. ஒவ்வொரு ஏரியிலும் கரை, நடு இரண்டிலும் அள்ளுங்கள், அடிநீரின் ஆக்சிஜனையும் கூடவே அளந்துவிடுங்கள்.

கரைக்காற்று:
அப்புறம் ஒன்று, எந்த உப்பு என்பதும் முக்கியம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கார்பனேட் மிகுந்த மோனோ ஏரியின் கார ஈப் புழு கார்பனேட்டைச் சுண்ணாம்பாக மாற்றி உடலுக்குள்ளேயே ஒதுக்கிவைக்கும், அதற்கென்றே தனி உறுப்பு இருக்கிறது. எல்லா உயிரிக்கும் அந்த வசதி இல்லையே. உங்கள் மீட்டர் கடல்நீர்ச் சூத்திரத்தில் மின்கடத்துத்திறனை உப்பாக மாற்றுகிறது என்றால், கார்பனேட், சல்ஃபேட் மிகுந்த ஏரியில் அந்த எண்ணை நம்பாதீர்கள். அளந்தெடுத்த நீரை வற்றவைத்து மிஞ்சும் உப்பை எடைபோட்டுப் பாருங்கள். ஆமாம், சேற்றை அலசி உயிரிகளைப் பிரித்த சல்லடையின் கண் எத்தனை மைக்ரான்?

சேற்றுவாளி:
500.

கரைக்காற்று:
இளம் புழுக்கள் நழுவியிருக்கும். அடுத்த முறை 250 போடுங்கள், ஏழு ஏரிக்கும் அதே சல்லடை.