ஹர்ஸ்ட்வுட் திருடினானா, பூட்டு திருட வைத்ததா?

வடகரை:
மனிதனைப் பரம்பரையும் சூழலும்தான் ஆட்டிவைக்கின்றன என்று காட்டும் அமெரிக்க இயல்புவாதம் (naturalism) என்றாலே "அழுகைக் கதைகள்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தியோடர் டிரைசரின் 'சிஸ்டர் கேரி' (1900) நாவலில் ஒரே ஒரு காட்சியைப் பாருங்கள். சிகாகோவில் பகட்டான மதுக்கூடம் ஒன்றின் மேலாளர் ஹர்ஸ்ட்வுட். இரவில் கடையை அடைக்கும்போது இரும்புப்பெட்டி பூட்டாமல் இருக்கிறது; உள்ளே 10,000 டாலருக்கு மேல். எடுக்கிறான், திரும்ப வைக்கிறான், மறுபடியும் எடுக்கிறான். பணம் கையில் இருக்கும்போது பெட்டி பூட்டிக்கொள்கிறது. தான்தான் தள்ளினோமா என்பது அவனுக்கே தெரியவில்லை. குடித்திருந்த மது, வழக்குப் போடுவதாக மிரட்டும் மனைவி, நாயகி கேரி மீதான மோகம் எல்லாம் கூடிச் செய்த திருட்டு அது. மனிதனின் சுயவிருப்பம் எவ்வளவு மெலிந்தது என்று இத்தனை நேர்மையாக எழுதியவர்கள் குறைவு.

கூழாங்கல்:
நேர்மை இல்லை, வசதி. பூட்டு தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். அங்கிருந்து நேராகக் கேரியிடம் போய், அவளுடன் வாழ்ந்த டுரூவேக்கு அடிபட்டுவிட்டது என்று புளுகி அவளை ரயிலேற்றுகிறானே, அந்தப் பொய்யை எந்தப் பூட்டு சொல்ல வைத்தது?

இந்த இயல்புவாதிகளுக்கெல்லாம் மூத்தவரான பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஸோலா, நாவல் ஆய்வுக்கூடப் பரிசோதனை போல இருக்க வேண்டும் என்று 1880இல் எழுதினார். பரிசோதனையில் முடிவு முன்கூட்டியே தெரியக் கூடாது. ஃபிராங்க் நாரிஸின் 'மெக்டீக்' (1899) நாவலில், சான் ஃபிரான்சிஸ்கோ பல் வைத்தியன் மிருகமாவான் என்பது தொடக்கத்திலேயே முடிவாகிவிடுகிறது: அப்பன் குடிகாரன், ரத்தத்தில் ஊறிய தீமை! பழைய சாமான் வாங்கும் யூதன் ஸெர்கோவை நாரிஸ் வரைந்திருக்கும் விதத்தையும் படியுங்கள். இது விஞ்ஞானமா, வெறுப்பா?

வடகரை:
நாரிஸின் இன வெறுப்பை நான் எங்கே ஆதரித்தேன்? இன்னொரு இயல்புவாத எழுத்தாளர் ஸ்டீஃபன் கிரேனுக்கு வாருங்கள். 1897 ஜனவரியில் ஃபுளோரிடாவுக்கு அப்பால் 'கமடோர்' கப்பல் மூழ்கியது. கிரேன் சிறு படகில் தப்பினார். அதிலிருந்து பிறந்த 'தி ஓப்பன் போட்' கதையில் படகில் நால்வர். காயம்பட்ட கேப்டன் பிழைக்கிறார்; எல்லோரையும்விட வலுவாக நீந்திய, கப்பல் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் தொழிலாளி கரையருகே சாகிறார். வலியவன் பிழைப்பான் என்ற கோட்பாட்டையே கடல் கவிழ்த்துவிடுகிறது. இதில் முன்முடிவு எங்கே?

பழைய புத்தகக்கடை:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். 'சிஸ்டர் கேரி'யைப் பதிப்பகத்துக்குப் பரிந்துரைத்ததே அந்த நாரிஸ்தான். பதிப்பாளருக்கு மனமில்லை, விளம்பரம் செய்யாமல் அச்சிட்டார்கள், 500 பிரதிகூட விற்கவில்லை. பூட்டுக் காட்சியைவிட எனக்குப் புரூக்லின் டிராம் வேலைநிறுத்தம்தான் முக்கியம். கையில் காசில்லாத ஹர்ஸ்ட்வுட், வேலைநிறுத்தம் செய்பவர்களுக்கு எதிராக டிராம் ஓட்டப் போகிறான். அவர்கள் பக்கம் நியாயம் இருப்பது அவனுக்கும் தெரியும். கல் விழுகிறது, தோட்டா தோளை உரசுகிறது, வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான். பரம்பரை ரத்தமெல்லாம் இங்கே எதற்கு? பசி போதும்.

கூழாங்கல்:
பசி போதுமென்றால் கேரியை விளக்குங்கள். அதே சிகாகோவில் செருப்புத் தொழிற்சாலையில் சொற்பக் கூலிக்குக் கிடந்தவள், நியூயார்க்கில் மேடை நட்சத்திரமாகிறாள். அவன் விழுந்ததற்கும் சூழல், அவள் எழுந்ததற்கும் சூழலா? கிரேனிடம் இருப்பதோ சூழலும் அல்ல, வெறும் தற்செயல். வடகரை ஐயா வசதிக்கேற்பக் கோட்பாட்டை மாற்றிக்கொள்கிறார்.

வடகரை:
மாற்றவில்லை. ஒழுக்கத்துக்கும் விளைவுக்கும் தொடர்பில்லை என்பதுதான் இரண்டிலும் உள்ளது. மணமாகாமல் இருவருடன் வாழ்ந்த பெண்ணுக்குத் தண்டனை கொடுக்காமல் புகழைக் கொடுத்தார் டிரைசர். அன்றைய வாசகர்களுக்கு உறுத்தியதே அதுதான். அவர் தீர்ப்பு எழுதவில்லை.

கூழாங்கல்:
கடைசிப் பத்தியை மறந்துவிட்டீர்கள். ஆடும் நாற்காலியில் தனியே இருக்கும் கேரியை ஆசிரியரே நேரடியாக விளித்து, நீ கனவு காணும் மகிழ்ச்சி உனக்கு ஒருபோதும் கிட்டாமல் போகலாம் என்கிறார். அது தீர்ப்பு இல்லையென்றால் வேறென்ன? இதற்குப் பதில் சொல்லுங்கள், பிறகு 1925இல் அவர் எழுதிய 'அன் அமெரிக்கன் டிராஜெடி'க்குப் போகலாம்; அங்கே படகு கவிழ்ந்ததா, கவிழ்த்தானா என்று இதே வழக்கு திரும்ப வருகிறது.