சிஸ்டம் மென்பொருள் எங்கே முடிகிறது, ஓஎஸ் (இயங்குதளம்) எங்கே தொடங்குகிறது? (டி டிரைவில் எழுத முடியவில்லை, கடிகாரம் 5:30 மணி நேரம் பின்னால்)

முதலாண்டு_பிசிஏ:

வணக்கம். "ஓஎஸ் என்பது பயனருக்கும் வன்பொருளுக்கும் இடையே உள்ள பாலம்" என்று பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். லேப்டாப்பில் விண்டோஸ் 11-க்குப் பக்கத்தில் உபுண்டு (லினக்ஸ் வகை ஓஎஸ்) போட்ட பிறகு அந்த வரி எதற்கும் உதவவில்லை.

உபுண்டுவில் டி டிரைவைத் திறந்தால் ஃபைல்களைப் படிக்க முடிகிறது, எதையும் சேமிக்க முடியவில்லை. விண்டோஸை முறையாக ஷட் டவுன் செய்த பிறகுதான் உபுண்டுவுக்கே வருகிறேன். திரும்ப விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இன்னொன்று: எதைத் திறக்கட்டும் என்று கேட்கும் அந்தக் கறுப்புத் திரை எந்த ஓஎஸ்ஸைச் சேர்ந்தது?

பூட்_பார்டிஷன்:

கடைசிக் கேள்வியில் தொடங்குகிறேன். அந்தத் திரை இரண்டு ஓஎஸ்ஸையும் சேர்ந்ததில்லை. அதன் பெயர் க்ரப், ஓஎஸ்ஸைத் தொடங்கிவைக்கும் ஒரு பூட்லோடர். உபுண்டு நிறுவும்போது கூடவே வந்தது, ஆனால் அது ஓடும் நேரத்தில் உபுண்டு இன்னும் பிறக்கவே இல்லை.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் எழுவது மதர்போர்டில் உள்ள சிறிய ஃபிளாஷ் சிப்பில் இருக்கும் யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர், அதாவது வன்பொருளோடு கூடவே வரும் மென்பொருள். ரேமைத் தயார் செய்வதும், வட்டுகளைக் கண்டுபிடிப்பதும் அதன் வேலை. பிறகு தன்னிடம் சேமித்துள்ள வரிசைப்படி, வட்டில் இஎஃப்ஐ சிஸ்டம் பார்டிஷன் என்ற சிறிய பகுதிக்குப் போகிறது. விண்டோஸ் நிறுவும்போது பெரும்பாலும் 100 எம்பி அளவில் உருவாக்கும் பகுதி இது, ஃபேட்32 வடிவில் இருக்கும். மைக்ரோசாஃப்ட் என்று ஒரு ஃபோல்டர், உபுண்டு என்று ஒரு ஃபோல்டர், இரண்டும் அதற்குள்ளேதான். க்ரப் அங்கிருந்து எழுந்து, நீங்கள் உபுண்டுவைத் தேர்ந்தால் லினக்ஸ் கர்னலை (வன்பொருளை நேரடியாக ஆளும் ஓஎஸ்ஸின் மையப் பகுதி) ரேமில் ஏற்றிவிட்டு ஒதுங்கிவிடும். கர்னல் வட்டை இணைத்துக்கொண்டு, 1 என்ற எண்ணுள்ள முதல் பிராசஸாக (ஓடும் நிரலாக) சிஸ்டம்டி-யைக் கிளப்பும். மற்ற சேவைகளும் லாகின் திரையும் அதன் வழியே வருபவை.

ஃபர்ம்வேர், பூட்லோடர், கர்னல், டிரைவர்கள், ஷெல், வட்டைப் பிரிக்கும் கருவிகள் எல்லாமே சிஸ்டம் மென்பொருள். கம்பைலரையும் பாடத்திட்டங்கள் இதில்தான் சேர்க்கின்றன. ஓஎஸ் அதில் ஒரு பகுதி, கர்னல் ஓஎஸ்ஸின் உள்ளே ஒரு பகுதி. லினக்ஸ் என்பது கண்டிப்பாகச் சொன்னால் கர்னலின் பெயர்தான். ஆண்ட்ராய்டிலும் அதே கர்னல்தான், ஆனால் மேலே உள்ளது முற்றிலும் வேறு.

ஒரு எச்சரிக்கை. ஃபர்ம்வேரில் செக்யூர் பூட்டையோ (நம்பகமான பூட்லோடரை மட்டும் ஓடவிடும் அமைப்பு) பூட் வரிசையையோ தொடும் முன் விண்டோஸில் பிட்லாக்கர் (வட்டைப் பூட்டிவைக்கும் மறையாக்க வசதி) ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை வெளியே எழுதி வையுங்கள். மாற்றத்துக்குப் பிறகு அதைக் கேட்டு நிற்கக்கூடும்.

கர்னல்_கணக்கு:

டி டிரைவுக்கு வருவோம். நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. விண்டோஸ் 8-இல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி, உங்கள் லாகினை மட்டும் மூடிவிட்டு, கர்னலும் டிரைவர்களும் ரேமில் இருந்த நிலையை அப்படியே வட்டில் ஒரு ஃபைலாக எழுதி வைக்கிறது. மறுநாள் அதைத் திரும்ப ஏற்றுவதால்தான் சீக்கிரம் திறக்கிறது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு என்று போய் "அப் டைம்" பாருங்கள். இரவு தோறும் அணைத்த கணினியிலும் பல நாள் கணக்கு காட்டும்.

பாலம் என்ற உவமை தவறவிடுவது இதைத்தான். ஓஎஸ் கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறது. டி டிரைவில் எந்த இடம் காலி, எந்த ஃபைல் எங்கே என்ற கணக்கின் ஒரு பகுதி எப்போதும் ரேமில் இருக்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அந்தக் கணக்கைத் திறந்தபடியே உறைய வைக்கிறது. நடுவில் உபுண்டு புகுந்து ஒரு ஃபைலை எழுதினால், மறுநாள் விண்டோஸ் தன் பழைய கணக்கை நம்பி அதே இடத்தில் வேறொன்றை எழுதும். இரண்டும் பாழ். அதனால் விண்டோஸின் வட்டு வடிவமான என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்க உபுண்டுவில் உள்ள என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவர் வட்டு இந்த நிலையில் இருப்பதைக் கண்டதும், படிக்க மட்டும் அனுமதித்து எழுத மறுக்கிறது. உங்கள் தரவைக் காப்பாற்றும் வேலை அது, பழுது இல்லை.

சரிசெய்ய: விண்டோஸில் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ". மேலே உள்ள "சேஞ்ச் செட்டிங்ஸ்" இணைப்பை அழுத்தினால்தான் கீழே உள்ள பெட்டிகள் திறக்கும். "டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" டிக்கை எடுத்துச் சேமித்து, ஒரு முறை ஷட் டவுன் செய்துவிட்டு உபுண்டுவுக்கு வாருங்கள். ஒரு தடவைக்கு மட்டும் போதும் என்றால் ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுக்கலாம். ரீஸ்டார்ட் இந்த உறைநிலையைப் பயன்படுத்துவதில்லை, ஆகவே அதன் வழியே உபுண்டுவுக்குப் போனாலும் சரி.

முதலாண்டு_பிசிஏ:

மிக்க நன்றி. அப் டைம் 11 நாள் காட்டுகிறது! டிக்கை எடுத்ததும் டி டிரைவில் எழுத முடிகிறது. இணையத்தில் சிலர் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற லினக்ஸ் கருவியை ஓட்டச் சொல்கிறார்களே, அது எதற்கு? கடிகாரமும் இன்னும் பாக்கி.

கர்னல்_கணக்கு:

உறைந்த விண்டோஸ் இருக்கும்போது அதை ஓட்டாதீர்கள். எழுதி முடியாத மாற்றங்களின் பதிவேட்டை அது காலி செய்துவிடும், பூட்டு திறந்த மாதிரி தெரியும். விண்டோஸின் வட்டுச் சோதனைக் கருவியான செக்டிஸ்க் செய்யும் முழுச் சோதனையை அது செய்வதில்லை. சந்தேகம் இருந்தால் விண்டோஸுக்கே போய் செக்டிஸ்க் ஓட்டுங்கள்.

யுடிசி_நேரம்:

கடிகாரம்: மதர்போர்டில் நாணயம் போன்ற பேட்டரியில் ஓடும் கடிகாரம் ஒன்றுதான், அதில் நேர மண்டலம் கிடையாது, வெறும் எண்கள்தான். அந்த எண்ணை உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் அதை யுடிசி (உலகப் பொது நேரம், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) என்று கொள்கிறது. இந்திய நேரம் காலை 10:00-க்கு உபுண்டு 4:30 என்று எழுதி வைக்கும். விண்டோஸ் அதைப் படித்து 4:30 என்றே காட்டும். இலங்கையிலும் இதே ஐந்தரைதான்.

எளிய வழி, உபுண்டு டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளைக்கு "செட்-லோக்கல்-ஆர்டிசி 1" கொடுப்பது. ஒரு எச்சரிக்கை வரும். கோடையில் கடிகாரத்தை நகர்த்தும் நாடுகளுக்கு அது நியாயமான எச்சரிக்கை, ஏனென்றால் மாற்றத்தை எந்த ஓஎஸ் செய்தது என்று மற்றதற்குத் தெரியாது. லண்டனிலோ டொரான்டோவிலோ இருப்பவர்கள் இதைத் தவிர்த்து, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) "ரியல்டைம்இஸ்யுனிவர்சல்" மதிப்பை 1 ஆக்குவது நல்லது. இங்கே அந்த வழக்கம் இல்லாததால் முதல் வழியே போதும். முடித்ததும் விண்டோஸில் டேட் அண்ட் டைம் அமைப்புக்குப் போய் "சிங்க் நவ்" ஒரு முறை அழுத்துங்கள்.