‘ஐயாம் ஆஃப்டர் ஈட்டிங்’: நியூஃபவுண்ட்லாந்து ஆங்கிலம் பற்றி ஓர் ஐயம்

ஈசூன்வாசி:
என் அக்காள் மகன் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவிலுள்ள செயின்ட் ஜான்ஸ் நகருக்குப் படிக்கச் சென்று இரண்டு மாதங்கள் ஆகின்றன. கனடா ஆங்கிலம் எங்கும் ஒன்றுதான் என்று நம்பிப் போனவனுக்கு வீட்டுக்காரப் பெரியவரின் பேச்சில் பாதி விளங்கவில்லையாம். ‘ஐயாம் ஆஃப்டர் ஈட்டிங்’ என்று அவர் சொன்னபோது, இனிமேல்தான் சாப்பிடப் போகிறார் என்று எண்ணி இவன் பசியோடு காத்திருக்கிறான்; அவரோ சாப்பிட்டு முடித்திருந்தார். இது பிழையா, ஊர் வழக்கா?

தெம்பனீஸ் ஆசிரியை:
பிழையன்று, ஐயா. ஒரு செயல் இப்போதுதான் முடிந்தது என்பதை ‘அதற்குப் பின் இருக்கிறேன்’ என்ற பாங்கில் சொல்வது ஐரிஷ் மொழியின் இலக்கணம். காட் மீன்பிடித் தொழிலை நம்பி அயர்லாந்தின் தென்கிழக்கிலிருந்து, குறிப்பாக வாட்டர்ஃபோர்ட் வட்டாரத்திலிருந்து, வந்து குடியேறியவர்கள் அதை ஆங்கிலச் சொற்களில் பொதிந்து கொண்டுவந்தார்கள். டெவன், டார்செட் பகுதிகளிலிருந்து வந்த ஆங்கிலேயர்களின் வழக்கும் அங்கே உண்டு. ‘எங்கே இருக்கிறாய்’ என்பதற்கு ‘வேர் யா டூ’ என்பார்கள். கடலோரச் சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று விலகிக் கிடந்ததாலும், அந்தத் தீவு 1949இல்தான் கனடாவோடு இணைந்ததாலும், இவை கரையாமல் நின்றன. நம் சிங்கப்பூரின் ‘ஐ ஈட் ஆல்ரெடி’யும் இப்படிப்பட்டதே: சொல் ஆங்கிலம், எலும்பு சீனம். (‘சாப்பிட்டாச்சு’ என்று பழகிய நமக்கு அது உறுத்துவதே இல்லை.)

ஜூரோங் கிழக்கு:
ஆசிரியை சொன்ன வரலாறு சரி. ஆனால் தம்பி அதை முழுக் கனடாவுக்கும் நீட்டிவிடக் கூடாது. ஒன்டாரியோ முதல் வான்கூவர் வரை நகரத்தாரின் பேச்சு பெரிதும் ஒரே வார்ப்புதான். வேறுபாடு சில சொற்களில் தலைகாட்டும். முக்காடு வைத்த பனியனைச் சஸ்காச்சுவானில் ‘பன்னி ஹக்’ என்பார்கள். மொன்றியாலில் ஆங்கிலம் பேசுபவர்களும் மூலைக்கடையைப் பிரெஞ்சு வழியாக ‘டெப்’ என்பார்கள். இன்னொன்று: நியூஃபவுண்ட்லாந்துக்காரர்களை வைத்துக் கேலித் துணுக்குகள் சொல்வது மற்ற மாநிலங்களில் நெடுநாள் வழக்கம். ஆனால் அவர்களின் சொல்வளத்துக்கு 1982இல் தனி அகராதியே வெளிவந்தது. இங்கே 2000இல் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் தொடங்கியபோது நம் ஊர்ப் பேச்சு ஆங்கிலமான சிங்கிலீஷுக்காக வாதாடிய நமக்கு, தன் பேச்சை இழிவு என்று கேட்டு வளர்ந்தவனே பின்பு அதைத் தன் அடையாளமாகத் தூக்கிப் பிடிப்பது புதிதா என்ன? பெரியவரின் உச்சரிப்பை மட்டும் மருமகன் அவர் முன்னால் போலச் செய்து காட்ட வேண்டாம். பாசத்தோடு செய்தாலும் அது கேலியாகவே காதில் விழும்.

ஈசூன்வாசி:
இருவருக்கும் நன்றி. எச்சரிக்கை சற்றுத் தாமதமாக வந்துவிட்டது. நேற்றிரவு தொலைபேசியில் சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு, ‘ஐயாம் ஆஃப்டர் ஈட்டிங் ஆல்ரெடி, மாமா’ என்றான்.