அம்மாவுக்கு குலுக்கல்ல கார் விழுந்திருக்கு, 2.7 லட்சம் வரி கட்டுனாதான் சாவியாம் – இது நிஜமா, ஏமாத்தா?

சில்க்போர்டு_சிக்னல்:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம். நாங்க பெங்களூர்ல இருக்கோம், சொந்த ஊர் தருமபுரி பக்கம். 2025 தசரா சமயத்துல அம்மா இங்க ஒரு நகைக்கடைல அரை பவுன் மோதிரம் எடுத்தாங்க, கூப்பன்ல பேரு, நம்பர் எழுதி பெட்டில போட்டாங்க, அதோட மறந்தாச்சு. போன வாரம் போன் வந்துச்சு, முதல் பரிசு கார் உங்களுக்குத்தான்னு. நான் வழக்கமா வர்ற பிராடு கால்னு நெனச்சு கட் பண்ணிட்டேன், அப்புறம் நேர்ல போய் பாத்தா கடை வாசல்லயே அம்மா பேரு போர்டுல ஒட்டிருக்கு, கார் ரிப்பன் கட்டி நிக்குது. ஆனா மேனேஜர் 2,71,500 ரூபா வரி கட்டுனாதான் வண்டி குடுப்போம், கட்டாட்டி அடுத்த ஆளுக்கு போயிடும்கறார். அந்தப் பணத்தையும் கடை பேருல இல்லாம ஒரு ஆளோட நம்பருக்கு ஜிபே பண்ண சொல்றார். அம்மாவுக்கு வயசு 57, வேலை இல்ல, வருமானம்னா பேங்க்ல போட்ட எஃப்டி வட்டி மட்டும்தான், வருஷத்துக்கு 60 ஆயிரம் வரும். வருமானமே இல்லாதவங்களுக்கு எதுக்கு வரி? பரிசுக்கு காசு கேக்கறதே தப்பு இல்லயா? அம்மா வேற தெருவுக்கே லட்டு குடுத்து முடிச்சுட்டாங்க.

சும்மா_ஒருத்தன்:
பக்கா பிராடு. பரிசுக்கு காசு கேட்டாலே ஓடிருங்க.

கணக்குப்புள்ள:
மேல சொன்னவர் பாதி சரி. வரி நிஜம். ஜிபே நம்பர்தான் இடிக்குது.

குலுக்கல், லாட்டரி, டிவி கேம் ஷோ, சீட்டாட்டம், குறுக்கெழுத்து எல்லாமே வருமான வரில ஒரே கூடை. 1961 வருமான வரிச் சட்டத்துல பிரிவு 115பிபி, நேரா 30 சதவீதம், அந்த வரித் தொகை மேல 4 சதவீதம் செஸ்னு கூடுதல் வரி, ஆக மொத்தம் 31.2. இதுல அடிப்படை விலக்கு வரம்பு கிடையாது, 80சி சேமிப்புக் கழிவு கிடையாது, எந்தச் செலவையும் கழிக்க முடியாது, பழைய முறை புது முறை எதுல இருந்தாலும் அதே ரேட்டுதான். அதனால அம்மாவுக்கு வேற வருமானம் ஜீரோவா இருந்தாலும் முதல் ரூபாய்ல இருந்தே வரி உண்டு, ரிட்டர்ன் போட்டு திரும்ப வாங்கிடலாம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

பரிசு பணமா இருந்தா 30 பிடிச்சுட்டு மிச்சம் குடுப்பாங்க, முடிஞ்சது. காரை எப்படி 30 சதவீதம் வெட்டி எடுக்கறது? அதுக்குத்தான் 194பி பிரிவுல ஒரு வாசகம் இருக்கு, பரிசு பொருளா இருந்தா வரி கட்டியாச்சுன்னு உறுதி பண்ணிக்கிட்டுத்தான் குடுக்கறவன் கையை விட்டு பொருள் போகணும். வரி வராம சாவியை குடுத்தா அபராதம் கடைக்காரனுக்கு, கேஸ் வரைக்கும் போகலாம். அதனால மேனேஜர் கறாரா இருக்கறதுல தப்பே இல்ல.

ஆனா ஒண்ண கவனிங்க, அந்தப் பணம் கடை வழியாத்தான் போகணும்னு இல்ல. அம்மா பான் நம்பர்ல அம்மாவே வருமான வரி தளத்துல இ-பே டாக்ஸ்ல போய் அட்வான்ஸ் டாக்ஸா, அதாவது முன்கூட்டியே கட்டற வரியா, கட்டிட்டு சலான் காப்பியை கடைல குடுக்கலாம். அவங்க பிடிச்ச வரிக்கு கணக்கு காட்டி காலாண்டுக்கு ஒருமுறை போடற 26க்யூ படிவத்துல 'பொருளா குடுத்த பரிசு, வரி ஏற்கனவே கட்டியாச்சு'ன்னு சொல்ல தனி கோடே இருக்கு, அவங்க ஆடிட்டருக்கு தெரியும். ஜிபேல மட்டும் ஒரு பைசா போடாதீங்க, அது அம்மா கணக்குல ஏறலேன்னா பணமும் போச்சு, வரியும் அப்படியே நிக்கும்.

அப்புறம் 2,71,500ங்கறது எந்த விலைல போட்ட கணக்கு? பில் கேட்டு வாங்குங்க.

சில்க்போர்டு_சிக்னல்:
அண்ணா ரொம்ப நன்றி, உக்காந்து படிச்சேன். இப்பத்தான் போன்ல கேட்டேன், 9,05,000 ஆன்-ரோடு விலையாம். ஆனா நோட்டீஸ்லயே ஆர்டிஓ, இன்சூரன்ஸ் வெற்றியாளர் பொறுப்புன்னு சின்ன எழுத்துல போட்டிருக்கு. ஷோரூம் விலை 7,60,000.

கணக்குப்புள்ள:
பாத்தீங்களா. ரோடு டாக்ஸும் இன்சூரன்ஸும் நீங்க கட்டறப்ப அது எப்படி பரிசாகும்? கடை குடுக்கறது 7,60,000 வண்டி, அதுக்கு 30 சதவீதம் 2,28,000. 43,500 சும்மா சேர்த்து கேட்டிருக்காங்க. தெரியாம செஞ்சதாவும் இருக்கலாம், எதுக்கும் எழுத்துல கேளுங்க.

இன்னொண்ணு, கடை பாக்கறது 30 மட்டும்தான், செஸ்ஸோட சேர்த்தா உங்க முழு வரி 2,37,120. வித்தியாசம் 9,120ஐ அடுத்த ஜூலைல ரிட்டர்ன் போடறப்ப கட்டலாம், என்னைக் கேட்டா இப்பவே ஒரே சலான்ல கட்டித் தொலைச்சுருங்க.

ஓலக்கொட்டாய்:
ஒரு சந்தேகம், இந்த மாதிரி குலுக்கலே தமிழ்நாட்ல கிடையாதே? நம்ம ஊர்ல 1979லயே பரிசுத் திட்ட தடைச் சட்டம் ஒண்ணு போட்டுட்டாங்க, பிஸ்கட் பாக்கெட்ல கூட 'இந்த போட்டி தமிழ்நாட்டில் செல்லாது'ன்னு பொடி எழுத்துல இருக்கும். லாட்டரியும் 2003ல நின்னு போச்சு. அம்மா கூப்பன்ல தருமபுரி அட்ரஸ் எழுதலியே?

சில்க்போர்டு_சிக்னல்:
இல்லங்க, பெங்களூர் அட்ரஸ்தான். நீங்க சொன்னப்புறம் பாத்தேன், விதிமுறைல தமிழ்நாடு தவிரன்னு இருக்கு. நல்லவேளை.

பாலக்காட்டு_மாப்ள:
லாட்டரிக்காரங்க கதையை கேளுங்க. 2022 கேரளா ஓணம் பம்பர் முதல் பரிசு 25 கோடி. அதுல 10 சதவீதம் ஏஜென்ட் கமிஷன் போனா 22.5, அதுல 30 பிடிச்சா 15.75 கோடி. சரி இதோட முடிஞ்சுதுன்னா இல்ல, ரிட்டர்ன் போடறப்ப சர்சார்ஜ் (பெரிய வருமானத்துக்கு போடற கூடுதல் வரி), செஸ்னு இன்னொரு பெரிய தொகை கேப்பாங்க. 15.75ம் நம்மளதுன்னு செலவு பண்ணிட்டு மார்ச்ல முழிச்சா அவ்வளவுதான்.

நியூஜெர்சி_அத்தை:
இங்க அமெரிக்கால 2004ல ஓப்ரா வின்ஃப்ரே ஷோல வந்திருந்த 276 பேருக்கும் போன்டியாக் கார் குடுத்தாங்க, ஆளாளுக்கு குதிச்சாங்க, அப்புறம்தான் தெரிஞ்சுது வருமான வரியே சுமார் 7,000 டாலர் வரும்னு. விற்பனை வரியை கம்பெனி கட்டுச்சு, வருமான வரி ஜெயிச்சவங்க தலைல. ஆனா கிஃப்ட்னா இங்க குடுக்கறவங்க பாடு, வாங்கறவங்களுக்கு வரி இல்ல. நம்ம ஊர்ல தலைகீழ், வாங்கறவங்கதான் கட்டணும்.

மொய்நோட்டு:
குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும், கிஃப்ட்னதும் கேக்கறேன். துபாய்ல இருக்கற தாய்மாமா எனக்கு 3 லட்சத்துக்கு செயின் போட்டார், இதுக்கும் 30ஆ? என் பிரண்டு வாங்கித் தந்த 90 ஆயிரம் ஐபோனுக்கு?

கணக்குப்புள்ள:
கிஃப்டுக்கு 30 ஃபிளாட் கிடையாது, அது வேற பிரிவு, உங்க வருமானத்துக்கு தகுந்த சிலாப் ரேட்தான். சொந்தக்காரங்க குடுத்தா எவ்வளவா இருந்தாலும் வரி இல்ல. ஆனா சட்டம் சொல்ற சொந்தம் வேற, நம்ம வீட்ல சொல்ற சொந்தம் வேற. அம்மாவோட அண்ணன் தம்பி லிஸ்ட்ல இருக்காங்க, அதனால மாமா போட்ட செயினுக்கு வரி இல்ல. அதே செயினை நாளைக்கு நீங்க மாமாவுக்கு போட்டா, அக்கா மகன் லிஸ்ட்ல இல்ல, அவர் இங்க வரி கட்டறவரா இருந்தா மாட்டுவார். அத்தை பையன், பெரியப்பா பையன் எல்லாம் சட்டத்துக்கு அந்நியன்தான்.

அந்நியங்க குடுத்தது வருஷத்துக்கு 50,000 தாண்டுனா தாண்டுனதுக்கு மட்டும் இல்ல, முழுசுக்கும் வரி. பொருள்னு பாத்தா நகை, தங்கக்கட்டி, ஷேர், ஓவியம், கிரிப்டோ, நிலம் வீடு மாதிரி சிலதுதான் லிஸ்ட்ல, போன் இல்ல. பிரண்டு போனா குடுத்தா தப்பிச்சீங்க, 90 ஆயிரம் ரொக்கமா குடுத்திருந்தா வரி. இந்த லாஜிக் எனக்கும் புரிஞ்சதில்ல.

மொய்நோட்டு:
அப்ப மொய்?

கணக்குப்புள்ள:
உங்க கல்யாணத்துக்கு உங்களுக்கு வந்தா வரி இல்ல. காதுகுத்து, வீடு குடிபோறது, மொய் விருந்துக்கெல்லாம் அந்த விலக்கு கிடையாது. வேணும்னா தனியா கேள்வி போடுங்க, பாவம் அவர் கார் பிரச்சனை.

சில்க்போர்டு_சிக்னல்:
கேள்வி இன்னொண்ணு இருக்கு. காரை என் பேருல ரிஜிஸ்டர் பண்ணா என் வரியா ஆகிடுமா?

கணக்குப்புள்ள:
ஜெயிச்சது அம்மா, வரி அம்மாவுக்கு. அப்புறம் அம்மா உங்களுக்கு குடுத்தா அம்மா-மகன் கிஃப்ட், வரி இல்ல. கடை பில்லும் சலானும் அம்மா பேர்லயே இருக்கட்டும். இ-பே டாக்ஸ்ல, இது 2025-26 வருமானம்ங்கறதால, அசெஸ்மென்ட் இயர் 2026-27 போடுங்க, பாதி பேரு 2025-26ஐ அமுக்கிட்டு அப்புறம் திருத்த அலையறாங்க. வகை அட்வான்ஸ் டாக்ஸ், கோடு 100. ரிட்டர்ன் ஐடிஆர்-1 படிவத்துல போட முடியாது, ஐடிஆர்-2ல போடணும்.

சில்க்போர்டு_சிக்னல்:
அப்டேட், ரெண்டு வாரம் கழிச்சு. கடைக்கு மெயில் போட்டு கணக்கு எழுத்துல கேட்டதும் மேனேஜர் குரலே மாறிடுச்சு, அவங்க ஆடிட்டர் லைன்ல வந்து ஷோரூம் விலைல கட்டுனா போதும்னு ஒத்துக்கிட்டார், அந்த ஜிபே நம்பர் யாரோடதுன்னு கேட்டேன், பதிலே வரல. அம்மா பான்ல நெட் பேங்கிங் வழியா 2,37,120 கட்டியாச்சு, நேத்து சாவி வாங்கியாச்சு. எஃப்டில இருந்து எடுத்த பணம்தான், அம்மாவுக்கு மனசே இல்ல. வண்டியை வித்துரலாமான்னு ஒரு பேச்சு, வேணாம் தெருவே பாத்துருச்சுன்னு ஒரு பேச்சு.

கணக்குப்புள்ள:
சந்தோஷம். ஒண்ணு விட்டுட்டேன், அம்மா பேங்க்ல வருஷா வருஷம் 15ஜி படிவம் குடுக்கறாங்களா?

சில்க்போர்டு_சிக்னல்:
ஆமா, வட்டில வரி பிடிக்கக் கூடாதுன்னு ஏப்ரல்லயே குடுத்தாச்சு. ஏன்?

கணக்குப்புள்ள:
இந்த வருஷம் என் மொத்த வருமானத்துக்கு வரியே வராதுன்னு கையெழுத்து போடறதுதான் 15ஜி. இப்ப 2.37 லட்சம் வரி கட்டியிருக்காங்களே. பேங்க்ல போய் அதை வாபஸ் வாங்கச் சொல்லுங்க, மிச்ச வட்டிக்கு பிடிச்சாலும் பரவால்ல, வட்டி அடிப்படை விலக்கு வரம்புக்குள்ளதான் இருக்கு, அந்தப் பணம் ரிட்டர்ன்ல திரும்ப வந்துரும்.

சில்க்போர்டு_சிக்னல்:
அரை பவுன் மோதிரத்துக்கு இவ்வளவா. திங்கக்கிழமை பேங்க் போறோம், புது கார்லயே. அம்மா எலுமிச்சம்பழம் வாங்கி வச்சிருக்காங்க.