முதுகாழா, பழைய கொம்பா? பூக்காத புதரும் ஒரு சொல்லும்

கோத்தகிரியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். பள்ளித் தோட்டக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஓல்டு வுட்', 'நியூ வுட்' என்ற இரண்டு சொற்கள் நான்கு நாட்களாக என்னைப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. சென்ற பருவத்தில் வளர்ந்து முற்றிய தண்டு முன்னது, இந்தப் பருவத்தில் விட்டது பின்னது. பெயர் தெரியாத புதரில் கத்தி வைக்குமுன் அது எதில் பூக்கிறது என்று பாருங்கள் என்பது பாடம். 'பழைய மரம்' என்று எழுதினால் பிள்ளைகள் ஆலமரத்தைத் தேடுவார்கள்.

எங்கள் பள்ளி வாசலிலேயே அப்படியொரு புதர் நிற்கிறது. எதிரெதிராகப் பெரிய இலைகள், விளிம்பில் பற்கள். ஆண்டுதோறும் ஜனவரியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டுகிறோம். மூன்றாண்டுகளில் ஒரு பூகூட நான் கண்டதில்லை.

தஞ்சாவூரிலிருந்து:
அம்மா, வீட்டில் இருப்பதை ஊரெல்லாம் தேடுகிறீர்கள். 'அகக்காழனவே மரமென மொழிப' என்றது தொல்காப்பியம். காழ் என்றால் வயிரம், முற்றிய வன்மை; அது உள்ளே இருந்தால் மரம், வெளியே இருந்தால் புல். 'கைகொல்லும் காழ்த்த இடத்து' என்று குறள் 879 முற்றிய முள்மரத்தைச் சொல்கிறது. ஆகவே முதுகாழ், இளங்காழ். முடிந்தது. அப்படியே 'கவாத்து' என்பதையும் கையேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பட்டாளப் பயிற்சியைக் குறிக்கும் கவாத்து உருது வழி வந்த சொல். கிளை கழித்தல் என்பது போதாதா?

ஹட்டனிலிருந்து:
ஐயா, இலங்கை மலையகத்தில் நாங்கள் 'கவ்வாத்து' என்று அழுத்தியே சொல்கிறோம். அப்பா கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த கையோடு எங்களை வளர்த்தார். அது வந்தேறிச் சொல் என்றால் நாங்களும் அப்படித்தானே?

மதுரையிலிருந்து:
கவாத்து தமிழ்தான். கவை, கவடு, கவட்டை எல்லாம் ஒரே வேர். கவையை அகற்றுவது கவாத்து.

தஞ்சாவூரிலிருந்து:
'ஆத்து' என்ன விகுதி என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

மதுரையிலிருந்து:
விகுதி இருக்கட்டும். நவம்பர் கடைசியில் குண்டுமல்லியைத் தரையிலிருந்து அரை மீட்டர் விட்டு வெட்டுகிறோம். அதற்குப் பிறகு வரும் தளிரில்தான் அரும்பு. எங்களுக்கு அது புதுக் கொம்பு, மற்றது பழைய கொம்பு. இளங்காழ் என்று வயலில் சொன்னால் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

கோவையிலிருந்து:
தாவரவியல் ஆசிரியை எழுதுகிறேன். ஓராண்டுத் தண்டில் காழ் ஏது? அந்தப் புதரின் தண்டு ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளைச் சோறு, அதாவது மென்மையான உள்தண்டு, இருந்தால் அது ஹைட்ராஞ்சியா என்ற பூப்புதராக இருக்கலாம். உள்ளே சோறும் வெளியே வன்மையும் என்றால், தஞ்சாவூர் ஐயாவின் இலக்கணப்படி அது புல்!

உறுதி செய்யப் பூ வேண்டும். அதற்காக ஓராண்டு வெட்டாமல் விடுங்கள். நீலகிரித் தோட்டங்களில் பரவலாக இருக்கும் வகைக்குச் சென்ற பருவத் தண்டின் நுனியில்தான் பூமொட்டு உருவாகும். ஜனவரியில் தண்டோடு மொட்டையும் வெட்டி எறிந்திருக்கிறீர்கள். பூத்து ஓய்ந்த பிறகு, பூங்கொத்துக்குக் கீழே முதல் நல்ல மொட்டு இணைக்கு மேல் வெட்டினால் போதும். அமில மண்ணில் அலுமினியத்தை வேர் எளிதாக உறிஞ்சும் என்பதால் பூ நீலமாகவே வரும் என்று நினைக்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து:
வெட்டிப் பார்த்தேன். சோறு இருக்கிறது. கையேட்டில் 'சென்ற பருவக் கிளை', 'இப்பருவக் கிளை' என்று போடுகிறேன். ஐந்து பேர் எனக்குத் தனியாகச் சம்மதித்து எழுதியிருக்கிறார்கள்; அவர்களில் மூவர் 'எதையாவது போடுங்கள்' என்றுதான் எழுதினார்கள். கவாத்து நீடிக்கிறது.

மதுரையிலிருந்து:
என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பனி கொட்டும் நாட்டில் ஆண்டுக்கு ஒருமுறை துளிர்க்கலாம். மல்லிகை திரும்பத் திரும்பத் துளிர்க்கிறது. அதில் எது சென்ற பருவம்?

தஞ்சாவூரிலிருந்து:
முதுகாழை அடைப்புக்குறிக்குள்ளாவது சேர்க்கலாமே.

கோத்தகிரியிலிருந்து:
பக்கத்தில் இடமில்லை ஐயா. ஜனவரியில் கத்தியை எடுக்க வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை.