புதுப்பிப்பு: பழைய காரின் ஹீட்டரில் சூடு வராத சிக்கல்

கனடாவின் வின்னிப்பெக் நகரக் குளிரில் என் பழைய கார் ஓடும்போது வெப்பநிலை காட்டும் முள் மேலே ஏறுவதே இல்லை, ஹீட்டரிலும் வெதுவெதுப்பான காற்றுதான் வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன்; ஹீட்டர் கோரை (காருக்குள் வரும் காற்றைச் சூடாக்கும் பாகம்) மாற்றும்படி சிலர் கூறியிருந்தீர்கள். அதற்குத் தேவை ஏற்படவில்லை, காரணம், என்ஜினில் சுற்றும் திரவமான கூலன்ட் ரேடியேட்டருக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்தான். ஏறக்குறைய 82 டிகிரியில் திறக்க வேண்டிய அதன் வால்வு திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டதால், கூலன்ட் சூடேறுவதற்கு முன்பே ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தபோது வால்வுத் தட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. புதியதைப் பொருத்தி, சுமார் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும் சரிபாதிக் கூலன்ட் கலவையை நிரப்பி, உள்ளே தங்கிய காற்றையும் பொறுமையாக வெளியேற்றிய பிறகு (இதை விட்டுவிட்டால் ஹீட்டர் மறுபடியும் குளிர்காற்றையே ஊதும்) முள் நடுவில் நிற்கிறது.

குளிர்காற்றைத் தடுக்க ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை வைக்கலாமா என்று கேட்டவருக்கு: தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் அது தேவைப்படாது, வைத்தே தீருவதென்றால் பாதியை மட்டும் மூடுங்கள். பிளாக் ஹீட்டரையும் (நிறுத்திய காரின் என்ஜினைச் சூடாக்கும் மின்கருவி) இரவு முழுவதும் செருகி வைப்பது வீண் மின்செலவு. டைமர் போட்டு, புறப்படுவதற்கு 3 மணி நேரத்துக்கு முன்பு இயங்கவிட்டால் போதும்.