மாகாணசபைத் தேர்தலில் வன்னி ஒரே மாவட்டமா? உறுப்பினர் தெரிவு பற்றிய கேள்வி

மல்லாவி வாசகன்:

வணக்கம். 2013 ஆம் ஆண்டு வடமாகாணசபைத் தேர்தல் நடந்தபோது எனக்கு வாக்களிக்கும் வயது வரவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தேர்தல் நடக்கவே இல்லை என்பதால், நாடாளுமன்றத்துக்கும் பிரதேசசபைக்கும் புள்ளடி இட்ட எனக்கு மாகாணசபை உறுப்பினர்கள் எவ்வாறு தெரிவாகிறார்கள் என்பது சரியாகத் தெரியாது. நாடாளுமன்றத்துக்கு நாங்கள் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் வாக்களிக்கிறோம்; அக்கராயனில் இருக்கும் என் மாமாவோ கிளிநொச்சி மாவட்டத்தவர் என்பதால் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களிக்கிறார். மாகாணசபைக்கும் இதே பிரிப்புத்தானா? ஓர் உறுப்பினர் இறந்தாலோ விலகினாலோ இடைத்தேர்தல் வருமா? தெரிவானவர் ஐந்து ஆண்டுகளும் என்னதான் செய்வார்? எங்கள் சந்தியில் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். அறிந்தவர்கள் தெளிவுபடுத்தினால் நன்று.

அடம்பன் வாசி:

இல்லை தம்பி, மாகாணசபைக்கு நிர்வாக மாவட்டமே தேர்தல் மாவட்டம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றையும் சேர்த்து வன்னி என்று எண்ணுவது நாடாளுமன்றத்துக்கு மட்டும்தான். 2013 இல் யாழ்ப்பாணத்துக்கு 16, வவுனியாவுக்கு 6, மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் ஐந்து ஐந்து, கிளிநொச்சிக்கு 4 என 36 ஆசனங்கள் பங்கிடப்பட்டன. மாகாணம் முழுவதிலும் அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு மேலும் இரண்டு போனஸ் ஆசனங்கள் கிடைத்தன. ஆக மொத்தம் 38.

2013 இல் இருந்த முறைப்படி ஒவ்வொரு கட்சியும் சுயேச்சைக் குழுவும் ஆசன எண்ணிக்கையைவிட மூன்று பேர் கூடுதலாக வேட்பாளர்களை நிறுத்த வேண்டும். ஐந்து ஆசனமுள்ள உங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பட்டியலில் எட்டுப் பேர் இருப்பார்கள். முதலில் கட்சியின் சின்னத்துக்கு நேரே புள்ளடி இட்டு, பிறகு அந்தப் பட்டியலில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதைச் சின்னத்துக்கு விழுந்த வாக்கும், அந்த ஆசனங்களில் யார் அமர்வார் என்பதை விருப்பு வாக்கும் தீர்மானிக்கின்றன. பட்டியலில் முதலாவது பெயராக இருப்பதால் எவரும் தெரிவாகிவிடுவதில்லை.

ஆசனம் பங்கிடும் கணக்கை மன்னாரின் 2013 முடிவைக் கொண்டே பார்க்கலாம். செல்லுபடியான வாக்குகள் ஏறத்தாழ 53,200. அதை ஐந்தால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை சுமார் 10,646 வாக்குகள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பெற்ற 33,118 வாக்குகளுக்கு நேரடியாக மூன்று ஆசனங்கள் கிடைத்தன. ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பின் 15,104 வாக்குகளுக்கு ஒன்று. ஐந்தாவது ஆசனத்துக்கான விலை எவரிடமும் முழுதாக இல்லாததால் மிச்ச வாக்குகள் ஒப்பிடப்பட்டன. கூட்டமைப்பிடம் 1,200 வாக்குகள்கூட மிஞ்சவில்லை. சுதந்திரக் கூட்டமைப்பிடம் 4,458 மிஞ்சின. ஓர் ஆசனமும் பெறாதிருந்த ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸிடம் அதன் 4,571 வாக்குகளும் அப்படியே இருந்தன. நூற்றுச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் அந்த ஆசனம் முஸ்லிம் காங்கிரஸுக்குப் போனது. மாகாணம் முழுவதிலும் அக்கட்சி வென்ற ஒரே ஆசனமும் அதுதான். சிறிய மாவட்டங்களில் "ஒரு வாக்கால் என்ன வந்துவிடப் போகிறது" என்று வீட்டில் இருப்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவது வழக்கம்.

நெடுங்கேணி:

மேலே உள்ள கணக்கு சரியானது. எனினும் அதற்கு முந்திய பங்கீட்டையும் பார்க்க வேண்டும். 2013 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவான வாக்காளர்கள் 426,000 இற்கும் அதிகம். முல்லைத்தீவில் 53,683 பேர் மட்டுமே. அதாவது யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 26,600 வாக்காளருக்கு ஓர் உறுப்பினர், முல்லைத்தீவில் 10,700 பேருக்கு ஒருவர். வாக்காளரில் பாதிக்கும் குறைவானவர்களே வாழும் நான்கு மாவட்டங்களும் சேர்ந்து 20 ஆசனங்களைப் பெற்றன. இதை அநீதி என்று யாழ்ப்பாண நண்பர்கள் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்தொகையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் போரில் இடம்பெயர்ந்து ஆட்குறைந்துபோன மாவட்டம் மேலும் மெலிந்துதான் போகும். காடும் குளமும் வயலுமாகப் பரந்து கிடக்கும் நிலத்துக்கு உறுப்பினர் ஒருவர் போய்வர வேண்டிய தூரத்தையும் கணக்கில் எடுப்பதே முறை.

ஆனால் ஆசனம் இருந்தால் அதிகாரமும் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். முதலமைச்சரைத் தவிர நான்கு அமைச்சர்கள் மட்டுமே இருக்கலாம் என்பது அரசியலமைப்பின் வரம்பு. முதலாவது அமைச்சர் சபையில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், வவுனியா ஆகியவற்றுக்கு ஒவ்வோர் அமைச்சர் வாய்த்தார்கள். முல்லைத்தீவுக்கு எவரும் இல்லை.

வவுனியா, ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:

2013 இல் இருந்த முறையில் இடைத்தேர்தல் கிடையாது. மாவட்டத்தில் தெரிவான உறுப்பினரின் இடம் வெற்றிடமானால், அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் வருவார். போனஸ் ஆசனம் வெற்றிடமானால் கட்சி வேறொருவரின் பெயரைக் கொடுக்கும். கூட்டமைப்பு தனது போனஸ் ஆசனங்களில் ஒன்றைச் சுழற்சி முறையில் மாற்றி மாற்றிக் கொடுத்ததற்கு இந்த ஏற்பாடே வழிவிட்டது. ஒருவர் ஓராண்டில் அவை நடைமுறையைப் படித்து முடிப்பதற்குள் இறங்க வேண்டியிருந்த அந்த முறையை நான் மெச்சவில்லை. ஒருவர் ஒரே காலத்தில் நாடாளுமன்றத்திலும் மாகாணசபையிலும் உறுப்பினராக இருக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சபையின் ஐந்து ஆண்டுகள் தேர்தல் நாளிலிருந்து அன்றி, முதலாவது அமர்வுக்குக் குறித்த நாளிலிருந்தே எண்ணப்படும். 2013 செப்டெம்பர் 21 ஆம் திகதி தெரிவானவர்கள் அக்டோபர் 25 ஆம் திகதி கைதடியில் முதன்முறை கூடினார்கள். ஆகையால் 2018 அக்டோபரில் காலம் முடிந்தது. அமர்வுகளில் நியதிச்சட்டங்களை, அதாவது மாகாணசபை இயற்றும் சட்டங்களை, நிறைவேற்றுதல், மாகாணத்தின் வரவுசெலவை விவாதித்தல், அமைச்சர்களிடம் கேள்வி கேட்டல் ஆகியவை உறுப்பினரின் வேலை. உங்கள் பகுதியில் மாகாணப் பாடசாலைகளும் சி, டி தர வீதிகளும் மாகாணத்துக்கு உரியவை; ஏ9 வீதியோ மாங்குளம்-முல்லைத்தீவு வீதியோ பழுதானால் மாகாணசபை உறுப்பினரைக் கேட்டுப் பயனில்லை, அவை மத்திய அரசின் பொறுப்பு.

நியதிச்சட்டம் நிறைவேறினாலும் ஆளுநரின் சம்மதம் வேண்டும். பணம் சார்ந்த நியதிச்சட்டமாயின் ஆளுநரின் சிபாரிசு இல்லாமல் அவையில் முன்வைக்கவே முடியாது. ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. அமைச்சர்களையும் முதலமைச்சரின் ஆலோசனையின் பேரில் ஆளுநரே நியமிக்கிறார். மன்னாரில் தெரிவான பா. டெனீஸ்வரனை முதலமைச்சர் விக்னேஸ்வரன் 2017 இல் அமைச்சுப் பதவியிலிருந்து நீக்கியபோது, நீக்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2018 இல் இடைக்கால உத்தரவும் 2019 இல் தீர்ப்பும் டெனீஸ்வரனுக்குச் சாதகமாகவே வந்தன. தீர்ப்பு வந்த வேளையில் சபையே இல்லை என்பது வேறு கதை.

மல்லாவி வாசகன்:

மூவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் அடுத்த தேர்தலும் இதே விருப்பு வாக்கு முறையில்தான் நடக்குமா?

அடம்பன் வாசி:

சிக்கலே அங்கேதான் இருக்கிறது. 2017 செப்டெம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 17 ஆம் இலக்க மாகாணசபைத் தேர்தல்கள் திருத்தச் சட்டம் பழைய முறையை நீக்கி, பாதி உறுப்பினர்களைத் தொகுதிவாரியாகவும் மறுபாதியை விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் தெரிவுசெய்யும் கலப்பு முறையைக் கொண்டுவந்தது. பெண் வேட்பாளர் பங்கை உயர்த்துவதற்கென வந்த சட்டமூலத்தின் குழுநிலையில் (வாசகம் வாசகமாகத் திருத்தும் கட்டத்தில்), தேர்தல் முறையையே மாற்றும் திருத்தங்களை நுழைத்து நிறைவேற்றிய விதத்தை இன்றும் பலர் கண்டிக்கிறார்கள். அவர்களுள் நானும் ஒருவன்.

தொகுதி முறைக்கு எல்லை வகுக்க வேண்டும். எல்லை நிர்ணயக் குழுவின் அறிக்கை 2018 ஓகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள் விழுந்தன, ஆதரவாக ஒன்றுமில்லை. அறிக்கையை முன்வைத்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். அதன்பின் பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழு இரண்டு மாதத்தில் முடிவைத் தந்திருக்க வேண்டும்; தரவில்லை. எல்லை இல்லாததால் புதிய முறையில் தேர்தல் நடத்த முடியாது, சட்டம் நீக்கிவிட்டதால் பழைய முறையிலும் முடியாது. பழைய முறையை மீட்பதற்கு 2019 இல் அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் தனிநபர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார்; அதுவும் சட்டமாகவில்லை. மீளாய்வை முடித்து எல்லைகளை வர்த்தமானியில் அறிவிப்பதா, அல்லது அத்தகைய திருத்தம் ஒன்றை நிறைவேற்றுவதா என்பதை நாடாளுமன்றமும் அரசாங்கமும் தீர்மானிக்க வேண்டும். தேர்தல் ஆணைக்குழு தானாக நாள் குறிக்க இயலாது.